இலவசக் கருவிக்கு மாதம் 1 டாலர் வாங்கலாமா?

கேள்வி: டேட்டாபேஸ் மாற்றங்களைச் சரிபார்க்கும் ஒரு கமாண்ட் லைன் கருவியை நான்கு வருடங்களாக எம்.ஐ.டி. லைசென்ஸில் (யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்கிற தளர்வான உரிமம்) இலவசமாகத் தருகிறேன். மாதம் 9,000 டவுன்லோடு ஆகிறது. சர்வர், டொமைன், கையொப்பச் சான்றிதழ் என்று மாதம் 140 டாலர் என் கையிலிருந்து போகிறது. வாரத்துக்கு 8 மணி நேர வேலையும் இருக்கிறது. ஆளுக்கு மாதம் 1 டாலர் என்றால் யாருக்கும் உறுத்தாது. ஆப்பிளே ஒரு காலத்தில் ஆப் எழுத உதவும் தன் எக்ஸ்கோடு மென்பொருளுக்கு 5 டாலர் வாங்கியதே என்று தோன்றுகிறது. இது கட்டுப்படியாகுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: காசு வாங்குங்கள், அதில் தயக்கமே வேண்டாம். ஆனால் 1 டாலர் வேண்டாம், மாதாமாதம் வேண்டாம், எல்லாரிடமும் வேண்டாம். சின்னத் தொகை வாங்குவதற்கும் பெரிய தொகை வாங்குவதற்கும் ஆகிற வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ரசீது, வரி, ரீஃபண்ட், புகார் எல்லாம் 1 டாலருக்கும் உண்டு, 500 டாலருக்கும் உண்டு.

முதலில் கார்டு கட்டணம். கார்டு வழியே பணம் வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப் நிறுவனத்தின் அமெரிக்க விலைப்பட்டியலில் ஒரு பரிவர்த்தனைக்கு 2.9 சதவீதமும் அதன் மேல் 30 சென்ட்டும் பிடிப்பார்கள். 1 டாலரில் கைக்கு வருவது 67 சென்ட், வருடத்துக்கு 8.05 டாலர். அதே 12 டாலரை வருடத்துக்கு ஒரே தடவையாக வாங்கினால் 11.35 டாலர் நிற்கும். உங்களைக் கடிப்பது சதவீதம் அல்ல, அந்த 30 சென்ட். உங்கள் பெயருக்குப் பதிலாகத் தங்கள் பெயரில் விற்று வரியையும் தாங்களே கட்டிவிடும் பேடில் போன்றவர்கள் 5 சதவீதமும் 50 சென்ட்டும் எடுக்கிறார்கள். அங்கே 1 டாலரில் மிஞ்சுவது 45 சென்ட். யாராவது ஒருவர் "இது என்ன பில் என்றே தெரியவில்லை" என்று வங்கியில் தகராறு எழுப்பினால் ஸ்ட்ரைப்பில் அதற்கு 15 டாலர். ஒரு வாடிக்கையாளரின் 22 மாத நிகர வரவு அந்த ஒரு தகராறிலேயே போய்விடும்.

அடுத்து 9,000 என்ற எண். அது ஆட்களின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மென்பொருளைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் பில்ட் சர்வர்கள் ஒவ்வொரு ஓட்டத்திலும் கருவியைப் புதிதாக இறக்கும். ஒரே நிறுவனம் நாளைக்கு 20 பில்ட் ஓட்டினால் மாதக் கணக்கில் அது 600 டவுன்லோடாகத் தெரியும். தாராளமாக 9,000 பேர் என்றே வைத்து, 100-க்கு 2 பேர் பணம் கட்டுவார்கள் என்று கணக்கிட்டாலும் 180 பேர். 180-ஐ 8.05-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 1,449 டாலர். உங்கள் செலவே வருடத்துக்கு 1,680. நஷ்டம் குறையும், அவ்வளவுதான். கூடவே 180 பேருக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் சேரும்.

ஆப்பிள் உதாரணம் உங்களுக்குப் பொருந்தாது. 2011 மார்ச்சில் எக்ஸ்கோடு 4-ஐ 4.99 டாலருக்கு விற்றார்கள், உண்மைதான். ஆனால் வருடம் 99 டாலர் கட்டிய டெவலப்பர் உறுப்பினர்களுக்கு அது இலவசம். ஜூலையில் மேக் இயங்குதளத்தின் லயன் பதிப்பு வந்தபோது அதற்கான எக்ஸ்கோடு 4.1 எல்லாருக்குமே இலவசமாகிவிட்டது. ஆப்பிளுக்கு வருமானம் உறுப்பினர் கட்டணத்திலும் இயந்திர விற்பனையிலும் வந்துகொண்டிருந்தது. அந்த 5 டாலரை நம்பி யாரும் அங்கே வயிறு வளர்க்கவில்லை. 2007-ல் மேக்குகளுக்குள் ஏற்கெனவே இருந்த, வேகமான 802.11என் வைஃபையைத் திறக்க அவர்கள் 1.99 டாலர் வாங்கியது இன்னும் வேடிக்கை. விற்று வரவு வைத்துவிட்ட பொருளில் புது வசதியைச் சும்மா சேர்த்தால் கணக்கியல் விதி இடிக்கும் என்பதே அதற்கு அவர்கள் சொன்ன காரணம்.

அப்படியானால் யாரிடம் வாங்குவது? உங்கள் கருவி நின்றால் யாருடைய வேலை நிற்குமோ அவர்களிடம். மாணவரும் பொழுதுபோக்காகக் கோடு எழுதுபவரும் 1 டாலருக்கே யோசிப்பார்கள். ஒரு நிறுவனத்துக்கோ 150 டாலர் பெரிதல்ல. அதற்கு ஒப்புதல் வாங்குவதுதான் பெரிய வேலை. அந்த வேலையை அவர்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் செய்ய விரும்புவார்கள். மென்பொருளைத் தனித்தனிக் கன்டெய்னர்களாக ஓட்ட உதவும் டாக்கர் டெஸ்க்டாப் இந்த வழியில்தான் போனது. 2021 ஆகஸ்ட் 31-ல் அறிவித்து, 2022 ஜனவரி 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். 250-க்கும் குறைவான ஊழியர்களும் 1 கோடி டாலருக்கும் குறைவான ஆண்டு வருவாயும் கொண்ட நிறுவனங்களுக்கும், தனிநபர்களுக்கும், கல்விக்கும் இலவசத்தை அப்படியே விட்டார்கள். கூச்சல் இருந்தது, ஆனால் கூச்சல் போட்டவர்களில் பெரும்பாலோர் ஒரு காசும் கட்ட வேண்டியிருக்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்லும் விலை அமைப்பு: 3 டெவலப்பர் வரை இலவசம். 4 முதல் 10 வரை வருடம் 150 டாலர். 11 முதல் 50 வரை 500. அதற்கு மேல் 1,500. தலைக்கு இவ்வளவு என்று வைக்காதீர்கள். பில்ட் சர்வரில் ஓடும் கருவிக்கு "பயனர்" யார் என்பதே தீராத வழக்காகிவிடும். 30 சிறிய நிறுவனங்கள், 8 நடுத்தரம், 1 பெரியது என்று 39 பேர் வந்தாலே 10,000 டாலர். பேடில் கணக்கில் கட்டணம் சுமார் 520 போக 9,480. செலவு 1,680 போக 7,800. உங்கள் வருடாந்தர 416 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 18.75 டாலர், வரிக்கு முன். பெரிய சம்பளம் இல்லைதான், ஆனால் கைக்காசு கரைவது நிற்கும். ஒன்றை மட்டும் இப்போதே கணக்கில் சேருங்கள்: பணம் வாங்கிய பிறகு 416 மணி நேரம் 416 ஆகவே இருக்காது. "பார்க்கிறேன்" என்று இலவசக் காலத்தில் சொன்னதைக் காசு கட்டியவரிடம் சொல்ல முடியாது. ஆகவே விலைப்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: ஆதரவு மின்னஞ்சலில் மட்டும், பதில் 3 வேலை நாட்களுக்குள், தொலைபேசி கிடையாது.

வரி விஷயத்தில் அசட்டையாக இருக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல், தனிநபருக்கு விற்கும் டிஜிட்டல் பொருளுக்கு வாட் வரி வாங்குபவர் இருக்கும் நாட்டின் விகிதப்படிதான். ஒன்றியத்துக்கு வெளியே இருந்து விற்பவருக்கு முதல் விற்பனையிலேயே அந்தக் கடமை வந்துவிடும், குறைந்தபட்ச வரம்பு எதுவும் கிடையாது. வாட் எண் உள்ள நிறுவனத்துக்கு விற்றால் வரிக்கணக்கு பெரும்பாலும் வாங்குபவர் பக்கம் போய்விடும். அந்த எண்ணை வாங்கிச் சரிபார்த்து இன்வாய்ஸில் போடுவது மட்டும் உங்கள் வேலை. 1 டாலர் திட்டம் தேறாததற்கு இது இன்னொரு காரணம். வரியைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் விற்பனையாளர் வழியாகவே முதல் இரண்டு வருடம் போங்கள். 5 சதவீதம் கசக்கும். ஆனால் பல நாடுகளின் படிவங்களை நிரப்ப ஆள் வைப்பதைவிட அது மலிவு.

பணம் கேட்பதற்கு முன் உரிமை உங்களுடையதுதானா என்று பாருங்கள். வேலையில் இருந்துகொண்டு எழுதிய கருவி என்றால் பணி ஒப்பந்தத்தில் கண்டுபிடிப்பு உரிமை பற்றிய பிரிவைப் படியுங்கள். சந்தேகமிருந்தால் முதலாளியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பிறர் எழுதிச் சேர்த்த பகுதிகள் எம்.ஐ.டி.யில் வந்திருந்தால், பதிப்புரிமைக் குறிப்பையும் லைசென்ஸ் வாசகத்தையும் வைத்துக்கொண்டு விற்பனைப் பதிப்பிலும் சேர்க்கலாம். எங்காவது ஜி.பி.எல். (சேர்த்து வெளியிடும் மென்பொருளின் மூலநிரலையும் திறந்தே தரச் சொல்லும் லைசென்ஸ்) கோடு கலந்திருந்தால், அதை எழுதியவரின் சம்மதம் இல்லாமல் மூடிய லைசென்ஸுக்கு மாற முடியாது. சம்மதம் வாங்குங்கள் அல்லது அந்தப் பகுதியைத் திரும்ப எழுதுங்கள்.

இதுவரை வெளியிட்ட பதிப்புகளைத் திரும்பப் பிடுங்க முடியாது. புதுப் பதிப்பிலிருந்துதான் கட்டணம். டெஸ்ட் எழுத உதவும் ஃப்ளூயன்ட் அசெர்ஷன்ஸ் என்ற லைப்ரரி 2025 ஜனவரியில் 8-ஆம் பதிப்பை வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டணமாக்கி, ஒரு டெவலப்பருக்கு 129.95 டாலர் என்றது. பலர் 7-ஆம் பதிப்பிலேயே நின்றுகொண்டார்கள். ஆசம் அசெர்ஷன்ஸ் என்று ஒரு ஃபோர்க்கும், அதாவது பழைய இலவசக் கோடிலிருந்து பிரிந்த தனிப் பதிப்பும், கிளம்பியது. உங்களுக்கும் இது நடக்கும். ஆகவே முதல் கட்டணப் பதிப்பில், அந்த நிறுவனங்கள் காத்திருக்கும் ஒரு வசதியாவது இருக்க வேண்டும்: புது டேட்டாபேஸ் பதிப்புக்கான ஆதரவு, தணிக்கை அறிக்கை, இப்படி ஏதாவது. வெறும் லைசென்ஸ் கோப்பை மாற்றிவிட்டு விலைச்சீட்டு ஒட்டினால் யாரும் மேம்படுத்த மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய தவறு, பழைய பயன்பாட்டுக்குப் புதுக் கட்டணம் போடுவது. கேம் உருவாக்கும் மென்பொருளை விற்கும் யூனிட்டி 2023 செப்டம்பரில் கேம் நிறுவப்படும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் என்று அறிவித்தது. ஏற்கெனவே வெளியான கேம்களையும் அது தொடும் என்றதும் எதிர்ப்பு வெடித்தது. பத்தே நாளில் திருத்தினார்கள், 2024 செப்டம்பரில் திட்டத்தையே கைவிட்டார்கள். டெவலப்பர் கருவிகள் விற்கும் ஜெட்பிரெயின்ஸ் 2015 செப்டம்பரில் சந்தாவுக்கு மாறுவதாக அறிவித்தபோதும் எதிர்ப்புதான். ஆனால் அதே மாதம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள்: ஒரு வருடம் கட்டியவர் சந்தாவை நிறுத்தினாலும், அவருக்கு உரிமையான பதிப்பை எப்போதும் பயன்படுத்தலாம். அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும் அதிகாரியின் "நாளைக்கு நீங்கள் கடையை மூடினால்?" என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

லைசென்ஸ் சரிபார்ப்பில் கண்டிப்பு காட்டாதீர்கள். இணையத்தில் சர்வரைக் கேட்டுச் சரிபார்த்தால், உங்கள் சர்வர் ஒரு இரவு படுத்தால் 39 நிறுவனங்களின் பில்ட்டும் படுக்கும்; விடிந்ததும் ரீஃபண்ட் கேட்டு வரிசை நிற்கும். நிறுவனப் பெயர், முடிவுத் தேதி இரண்டையும் டிஜிட்டல் கையொப்பமிட்டு ஒரு சாவிக் கோப்பாகக் கொடுங்கள். அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவி கருவிக்குள்ளேயே இருக்கட்டும், இணையம் தேவைப்படாது. தேதி முடிந்தால் ஒரு வரி எச்சரிக்கை மட்டும், எக்ஸிட் கோடு (வேலை வெற்றியா தோல்வியா என்று கருவி திருப்பித் தரும் எண்) மாறக்கூடாது. அந்த எச்சரிக்கையும் பிழைச் செய்திகளுக்கான தனி வழியான ஸ்டாண்டர்ட் எரரில் வர வேண்டும். சாதாரண அவுட்புட்டில் அச்சிட்டால், அதைப் படித்து வேலை செய்யும் ஸ்கிரிப்ட்கள் எல்லாம் உடையும். ஏமாற்றுபவர்கள் இருப்பார்கள், விட்டுவிடுங்கள். அவர்கள் எப்படியும் வாங்கப் போவதில்லை.

வருடச் சந்தாவாக வரும் பணத்தை வந்த அன்றே வருமானம் என்று நினைக்கக்கூடாது. 150 டாலர் வந்தால் இந்த மாதம் உங்களுடையது 12.50 மட்டும், மீதி 137.50 இன்னும் தராத சேவைக்கான முன்பணம். தனி வங்கிக் கணக்கில் வைத்து மாதம் 12-ல் ஒரு பங்காக எடுங்கள். வரிக்கு எந்த மாதத்தில் காட்டுவது என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதை உள்ளூர்க் கணக்காளரிடம் கேளுங்கள். பெரிய நிறுவனம் வெண்டர் பதிவு, பாதுகாப்புக் கேள்வித்தாள் என்று 200 கேள்விகள் அனுப்பும். 1,500 டாலருக்குக் கீழே அதை நிரப்புவதில்லை என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதையெல்லாம் உருவாக்குவதற்கு முன் ஒரு சோதனை. பிழை அறிக்கை அனுப்பியவர்களின் மின்னஞ்சல் டொமைன்களைப் பாருங்கள்; நிறுவன முகவரிகளிலிருந்து 15-ஐத் தேர்ந்தெடுத்து விலையையும் தேதியையும் சொல்லி எழுதுங்கள். "பிடித்திருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், "இன்வாய்ஸ் யார் பெயரில் அனுப்பட்டும்?" என்று கேளுங்கள். 15-ல் 5 பேர் பெயர் கொடுத்தால், 90 நாள் முன்னறிவிப்போடு அறிவியுங்கள். இரண்டு பேர்கூடத் தேறவில்லை என்றால் கட்டணத் திட்டத்தைத் தள்ளிவையுங்கள். டவுன்லோடு கோப்புகளை, கோடு பகிரும் தளமான கிட்ஹப்பின் ரிலீஸ் பகுதிக்கு மாற்றினால் 140 டாலரில் சர்வர் பங்கு பெருமளவு குறையும். கூடவே விருப்ப நன்கொடை வாங்கும் கிட்ஹப் ஸ்பான்சர்ஸையும் திறந்துவையுங்கள். அங்கே தனிநபர் கணக்கிலிருந்து வரும் தொகையில் கிட்ஹப் கமிஷன் எடுப்பதில்லை. அந்த 1 டாலர்க்காரர்கள் விருப்பப்பட்டால் அங்கே தரட்டும்.