கார்புரேட்டரைத் தூக்கிவிடலாமா?

ஐயா,

அரசு ஐடிஐ ஒன்றில் மோட்டார் மெக்கானிக் டிரேடுக்குப் புதிதாக வந்திருக்கும் இன்ஸ்ட்ரக்டர் நான். இங்கே இருக்கும் எஞ்சின்கள் எல்லாம், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் கார்புரேட்டரின் காலத்தவை. பையன்கள் அதையே கழற்றி மாட்டுகிறார்கள். ஷோரூமில், வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்த கோளாறைக் காட்டும் ஸ்கேனரைக் கையில் கொடுத்தால் திருதிருவென்று விழிக்கிறார்கள். சீனியர்களோ, "பரீட்சைக்கு வர்றதை நடத்துங்க தம்பி" என்கிறார்கள். கார்புரேட்டரை மொத்தமாகத் தூக்கிவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

தூக்க வேண்டாம், அதற்கான நாட்களைக் குறையுங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்ததோடு பெரும்பாலான புது பைக்குகளில் கார்புரேட்டரின் கதை முடிந்தது, உண்மைதான். ஆனால் காற்றும் பெட்ரோலும் கலக்கும் கணக்கைக் கண்ணுக்குக் காட்ட அதைவிட நல்ல சாமான் கிடையாது. பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையான மெயின் ஜெட்டை மாற்றிப் போட்டு ஓட்டி, பிளக்கைக் கழற்றி, கரி பிடித்திருக்கிறதா (பெட்ரோல் அதிகம்) வெளுத்திருக்கிறதா (பெட்ரோல் குறைவு) என்று பார்க்க வையுங்கள்.

மறுநாளே, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டி. ஸ்கேனரில் பி0131 என்ற கோளாறு எண், அதாவது புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் சென்சாரில் வோல்டேஜ் குறைவு. உடனே சென்சாரை மாற்றச் சொல்கிறவன் மெக்கானிக் இல்லை, பார்ட்ஸ் விற்கிறவன். வயர் பாடியில் உரசி ஷார்ட் ஆகியிருக்கலாம். சைலன்சர் பெண்டில் லீக்காகி வெளிக்காற்று புகுந்திருக்கலாம். பெட்ரோல் பம்ப்பில் பிரஷர் இறங்கி நிஜமாகவே லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்து, ஓடலாம். முதல் இரண்டையும் நீங்களே ரகசியமாகச் செய்துவைத்துவிட்டு, கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டர் போதும். சென்சார் சூடேறிய பிறகும் 0.1 வோல்ட் பக்கமே நின்றால் லீன், 0.9 பக்கமே நின்றால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். வெளுத்த பிளக்கைப் பார்த்த பையனுக்கு இது உடனே பிடிபடும்.

சீனியர்கள் சொல்வதில் பாதி நியாயம். டிரேடு டெஸ்ட் நாடு முழுக்க ஒன்றுதான், பையனின் சான்றிதழ் அதில் இருக்கிறது. அதோடு மோதாதீர்கள். வால்வு தட்டும் டேப்பட் சத்தத்தைக் காதாலேயே பிடிக்கிற ஆள் அவர்களில் ஒருவராவது இருப்பார், கோளாறு தேடும் வகுப்புக்கு அவரைக் கூப்பிடுங்கள். ரிட்டயர் ஆனபின் தேடினால் கிடைக்கமாட்டார்.

டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து தமிழக அரசு 71 ஐடிஐகளில் அமைத்த, நவீன இயந்திரங்கள் உள்ள 4.0 தொழில்நுட்ப மையம் பக்கத்தில் இருந்தால், பிரின்சிபால் வழியாகக் கடிதம் போட்டு ஒருநாள் கூட்டிப்போங்கள். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். விபத்தில் நொறுங்கிய பிஎஸ்-6 ஸ்கூட்டர் ஒன்றை டீலர்களிடம் கேட்டுப் பாருங்கள். வயரிங்கும் இசியு என்கிற கம்ப்யூட்டரும் பிழைத்திருந்தால் போதும். பதிவு ரத்தான காகிதம் கைக்கு வராமல் மட்டும் ஷெட்டில் ஏற்றாதீர்கள், ஆடிட்டில் உங்கள் தலைதான் உருளும்.