கார்டஹேனா பயணம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கொலம்பியாவின் கரீபியன் கரையில் உள்ள கார்டஹேனாவுக்குச் செல்லவிருக்கும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: எந்த மாதம் செல்வது நல்லது? புயலில் மாட்டிக்கொள்வோமா?

பதில்: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை அரிது, கடற்காற்றும் நன்றாக வீசும். அக்டோபரிலும் நவம்பரிலும் கனமழை பெய்து, கடலோரப் பகுதியான போகாகிராண்டேயின் தெருக்களில் தண்ணீர் தேங்குவதுண்டு. கரீபியன் பெரும்புயல்கள் பெரும்பாலும் வடக்கே கடந்துவிடுவதால், அவை இந்நகரை நேரடியாகத் தாக்குவது குறைவு. நீங்கள் அஞ்ச வேண்டியது வெயிலுக்குத்தான். 1741-இல் வெர்னனின் பிரிட்டிஷ் படையால் கைப்பற்ற முடியாமல் போன சான் ஃபெலிபே கோட்டையில் நிழல் என்பதே அநேகமாக இல்லை. ஆகவே காலையில் வாயில் திறந்தவுடன் ஏறிவிடுங்கள். நண்பகலை அறையில் கழித்துவிட்டு, மாலையில் பழைய நகரின் மதில் மீது நடந்து செல்லுங்கள்.

கேள்வி: தடுப்பூசி கட்டாயமா? ஊருக்குத் திரும்பும்போது கேட்பார்கள் என்கிறார்களே?

பதில்: கேட்பார்கள், இதைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளின் பட்டியலில் கொலம்பியா இருப்பதால், அங்கிருந்து இந்தியா திரும்புபவரிடம் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால், பயணத்துக்கு முந்தைய வாரம் ஓடுவதில் பயனில்லை. சென்னையில் இருப்பவர்கள் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். 60 வயதைக் கடந்தவர்கள் முதலில் மருத்துவரிடம் ஆலோசிக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க நேருமா?

பதில்: நேராது, ஆனால் தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும். ஸ்பானிய மொழியில் 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்றால் 'மாட்டிறைச்சி போன்றவை வேண்டாம்' என்று மட்டுமே புரிந்துகொண்டு கோழியோ மீனோ வைத்துவிடுவார்கள். எனவே 'சின் போயோ, சின் பெஸ்காடோ' (கோழி இல்லாமல், மீன் இல்லாமல்) என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பீன்ஸில் பன்றி இறைச்சி கலந்திருப்பது வழக்கம். நம் நாக்குக்கு உடனே ஒத்துப்போவது அங்குள்ள தேங்காய்ச் சோறு: தேங்காய்ப்பாலை எண்ணெய் பிரிந்து, அடியில் பழுப்புத் துகள்கள் நிற்கும்வரை சுண்டக் காய்ச்சி, அதில் அரிசியைப் போட்டு, உப்போடு சிறிது சர்க்கரையும் சேர்த்து வேகவைப்பார்கள். கூடவே வாழைக்காயைத் தட்டையாக நசுக்கி இருமுறை பொரித்த பட்டகோன் கிடைக்கும். வள்ளிக்கிழங்கும் உப்புப் பாலாடைக்கட்டியும் சேர்ந்த 'மோத்தே டெ கேசோ' என்னும் சூப்பைத் தவறவிடாதீர்கள். 'அரேபா டெ உவேவோ' என்னும் பொரித்த சோள மாவு அப்பத்தின் உள்ளே முட்டை இருக்கும், கவனம்.

கேள்வி: டாக்சியில் ஏமாற்றுவார்களா?

பதில்: அங்குள்ள டாக்சிகளில் மீட்டர் கிடையாது, ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசி முடித்துவிடுங்கள். விமான நிலையம் பழைய நகரத்துக்கு அருகில்தான் இருக்கிறது.

கேள்வி: நல்ல கடற்கரை எது?

பதில்: நகரத்துக் கடற்கரைகளில் தண்ணீர் கலங்கலாகவே இருக்கும். தெளிந்த நீர் வேண்டுமென்றால் ரொசாரியோ தீவுகளுக்கோ பாரூவின் பிளாயா பிளாங்காவுக்கோ செல்லுங்கள். படகுச் சீட்டுக்கு மேல் துறைமுகக் கட்டணம் தனியாக இருப்பதையும் கணக்கில் வையுங்கள். பிற்பகலில் அலை வலுத்துப் படகு தூக்கிப் போடும் என்பதால், முதுகுவலி உள்ளவர்கள் பாரூவுக்குச் சாலை வழியே செல்வதே நல்லது.

கேள்வி: பழக்கூடையுடன் வண்ண உடையில் நிற்கும் பெண்களைப் படம் எடுக்கலாமா?

பதில்: அனுமதி பெற்று, பணம் கொடுத்து எடுங்கள். அவர்கள் பாலென்கேராக்கள், அடிமைத்தளையிலிருந்து தப்பியோர் உருவாக்கிய சான் பசிலியோ டெ பாலென்கே என்னும் ஊரின் வழிவந்தவர்கள். தலையில் பழம் சுமந்து விற்றே குடும்பங்களை வளர்த்த மரபு அவர்களுடையது. தூரத்திலிருந்து திருட்டுத்தனமாகப் படம் எடுத்து நழுவுவது அவர்களின் உழைப்பை அவமதிப்பதாகும். தொகையை முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு இருக்காது.

கேள்வி: நம் சார்ஜர் வேலை செய்யுமா?

பதில்: அங்கே 110 வோல்ட் மின்சாரம், தட்டைக் கால் கொண்ட அமெரிக்க வகை அடாப்டர் தேவை. கைபேசி சார்ஜர் பெரும்பாலும் இரு மின்னழுத்தத்தையும் ஏற்கும். இங்கிருந்து கொண்டுபோகும் மின்கெட்டில் சரியாகக் கொதிக்காது.