வேலை அழுத்தத்துக்கு ஆன்லைன் தெரபி உண்மையிலேயே உதவுமா?

ஆறு மாதமாகத் தூக்கம் சரியில்லை, வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன், திரையில் ஒருவரிடம் பேசினால் இதெல்லாம் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உதவியது. எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்கும் தூக்கத்தில்தான் தொடங்கியது. மூன்று மணிக்கு விழிப்பு வரும். பதில் போடாத மின்னஞ்சல் ஒன்று நினைவுக்கு வரும், அதோடு தூக்கம் போய்விடும். நேரில் போய் ஒரு ஆலோசகரைப் பார்க்கத் தயக்கம். காத்திருக்கும் அறையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்ற பயம். ஆன்லைன் என்றதால்தான் நான் தொடங்கினேன்.

முதலில் கிடைத்தவர் நல்லவர், ஆனால் எனக்குச் சரிப்படவில்லை. நான் பாதி சொல்வதற்குள் அறிவுரை வந்துவிடும். இரண்டு செஷனோடு மாறிக்கொண்டேன். அப்போது குற்ற உணர்வாக இருந்தது, இப்போது இல்லை. தெரபிஸ்டுக்கும் வருபவருக்கும் இடையில் நம்பிக்கை ஏற்படுகிறதா என்பதற்கும் பலன் கிடைப்பதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எனவே ஒத்துவராவிட்டால் தயங்காமல் மாறுங்கள்.

இரண்டாவதாக வந்தவர் முதல் நாளே, நான் உட்கார்ந்திருக்கும் இடத்தின் முழு முகவரியையும், அவசரத்துக்கு அழைக்க ஒருவருடைய எண்ணையும் கேட்டார். இணைப்பு அறுந்தால் யார் யாரை அழைப்பது என்றும் பேசி வைத்தோம். எதற்கு இதெல்லாம் என்று தோன்றியது. ஆனால் எனக்கு ஏதாவது ஆபத்து என்றால் தூரத்தில் இருக்கும் அவரால் ஓடி வர முடியாதே! இதைக் கேட்காத தெரபிஸ்டிடம் நான் இனி போக மாட்டேன்.

அவர் தெளிவுபடுத்திய இன்னொன்று: நாம் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை வேலைச் சுமைக்கும் சொல்கிறோம், எதிலும் பிடிப்பில்லாமல் போகும் மனச்சோர்வுக்கும் சொல்கிறோம். இரண்டுக்கும் வழி வேறு. எது என்று பிரித்துப் பார்க்கத்தான் கேள்விப் படிவங்கள். எனக்குக் கொடுத்ததில் ஒன்று ஜிஏடி-7. கடந்த இரண்டு வாரங்களில் பதற்றம் எப்படி இருந்தது என்று 7 கேள்விகள், மொத்தம் 21 மதிப்பெண், எண் கூடக்கூடப் பதற்றம் அதிகம் என்று அர்த்தம். எனக்கு 14 வந்தது.

நான்காவது செஷன் என்று நினைக்கிறேன். திடீரென்று அவர், "யாருக்குக் கேட்கக் கூடாது என்று இவ்வளவு மெதுவாகப் பேசுகிறீர்கள்?" என்றார். பக்கத்து அறையில் அம்மா. நான் தூங்காதது, அழுதது, வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தது எதையுமே வீட்டில் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அந்த வாரம் அம்மாவிடம் சொன்னேன். பாதி பாரம் அன்றே இறங்கியது. என் வீட்டுக்குள்ளிருந்து பேசியதால்தான் அந்தக் கேள்வியே வந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

மற்றபடி மாற்றம் நடந்தது செஷன்களுக்கு இடையில்தான். எனக்குச் செய்தது சிபிடி, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் சோதித்துப் பார்க்கும் முறை. "இரவே பதில் போடாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டு, நான் பயப்படுவதை எழுதச் சொன்னார். அப்புறம் மூன்று இரவு பதில் போடாமல் விட்டு, உண்மையில் என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். மூன்று நாளும் எதுவும் நடக்கவில்லை. என் கையெழுத்திலேயே அது இருந்ததால் நம்ப முடிந்தது. கவலைப்படுவதற்கென்று மாலையில் 20 நிமிடம் ஒதுக்கினோம். மற்ற நேரத்தில் வரும் கவலையை ஒரு வரியில் குறித்து, மாலைக்குத் தள்ளிவிட வேண்டும். முதல் வாரம் சுத்தமாக வரவில்லை. மூன்றாவது வாரம் பழகிவிட்டது. தூக்கம் வராமல் புரண்டால் எழுந்து வேறு அறையில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்பச் சொன்னார். படுக்கை என்றாலே விழித்திருப்பது என்று உடம்பு பழகிவிடக் கூடாது என்பதற்காக.

திரை வழியாகச் செய்தால் பலன் குறையுமோ என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இணையம் வழி சிபிடியையும் நேரடி சிபிடியையும் ஒப்பிட்ட 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பலன் ஏறக்குறைய சமம் என்றது. ஆனால் வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் அடுத்த செஷனுக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே அவசர உதவியை அழையுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரோடு மருத்துவமனைக்குப் போங்கள். மருந்து தேவையா என்பதையும் மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்தால் எந்தத் தெரபியும் அந்தச் சுமையைக் குறைக்காது. என் மேலாளரிடம் என்ன பேசுவது, அவர் மறுத்தால் என்ன சொல்வது என்று ஒரு முழு செஷன் ஒத்திகை பார்த்தோம். பேசினேன். கேட்டதில் ஒரு பகுதி கிடைத்தது. பத்தாவது செஷனில் அதே ஜிஏடி-7 படிவத்தில் 6 வந்தது.

இயர்போன் போட்டு, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடம் முதலில் பார்த்து வையுங்கள். முதல் நாள் என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், இங்கே எழுதிய கேள்வியையே அவரிடம் படித்துக் காட்டுங்கள். தூக்கம், எரிச்சல், ஆறு மாதம். அவர் தொடங்குவதற்கு அது போதும்.