வாய்மொழி உத்தரவும் வருகைப் பட்டியலில் உங்கள் கையொப்பமும்

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரு நகராட்சியில், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தின்பேரில், தொகுப்பூதியத்தில் மனிதவள ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரிகிறேன். ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்களின் வருகைப் பட்டியலை நான் சரிபார்த்துக் கையொப்பமிட்ட பிறகே ஒப்பந்ததாரருக்கு மாதாந்தர பில் தொகை வழங்கப்படும். பட்டியலில் பெயர் உள்ள சிலர் வேலைக்கு வருவதே இல்லை. மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னதால் இரண்டு மாதப் பட்டியல்களில் கையொப்பமிட்டுவிட்டேன். இம்மாதம் மறுத்தபோது, அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தாங்கள் ஒப்பந்தப் பணியாளர் என்பதால் தங்களுக்குப் பொறுப்பு குறைவு என்று யாரேனும் சொல்லியிருந்தால், அதை நம்ப வேண்டாம். 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம், உள்ளாட்சி அமைப்பின் பணியில் இருப்பவரையும் அதன் ஊதியம் பெறுபவரையும் பொது ஊழியர் என்றே வரையறுக்கிறது. நிரந்தரப் பணி, தற்காலிகப் பணி என்ற வேறுபாட்டை அந்த வரையறை பார்ப்பதில்லை. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சொத்தைத் தாமே நேர்மையற்ற முறையில் கையாடும் பொது ஊழியர் மட்டுமல்லாமல், பிறர் கையாட அவ்வாறே அனுமதிப்பவரும் அச்சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி குற்றவாளி ஆவார். அதற்குக் குறைந்தது நான்கு ஆண்டுகள், அதிகபட்சம் பத்து ஆண்டுகள் சிறைத்தண்டனை உண்டு. ஏமாற்றும் நோக்கத்துடன் கணக்கில் பொய்ப் பதிவு செய்வது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 344ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம். தாங்கள் ஒரு ரூபாய்கூடப் பெறவில்லை என்பது தங்கள் நோக்கத்தைக் காட்டும் முக்கியமான சான்றாகும். ஆனால் அது மட்டுமே தங்களை வழக்கிலிருந்து விடுவித்துவிடாது.

மேலதிகாரி சொன்னதால் செய்தேன் என்ற எதிர்வாதம் எந்த அளவுக்கு நிற்கும் என்பதே அடுத்த கேள்வி. சட்டப்படி செய்யக் கடமைப்பட்டவர் செய்யும் செயலுக்கு நியாய சன்ஹிதாவின் 14ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. ஆனால் வராதவரை வந்ததாகச் சான்றளிக்கச் சொல்லும் உத்தரவு சட்டப்படியான உத்தரவே அல்ல; வரவில்லை என்பது தங்களுக்குத் தெரிந்தும் இருந்தது. எனவே அந்தப் பிரிவை நம்பி இனி ஒரு பட்டியலிலும் கையொப்பமிடாதீர்கள். அதற்கும் மேலாக, வாய்மொழி உத்தரவுக்குச் சாட்சி இல்லை. விசாரணை என்று வரும்போது கோப்பில் இருப்பது தங்கள் கையொப்பம் மட்டுமே. உத்தரவிட்டவரின் குரல் அதில் இருக்காது.

உச்ச நீதிமன்றம் 31.10.2013 அன்று டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் அளித்த தீர்ப்பு இங்கே தங்களுக்குத் துணை நிற்கும். அரசு அதிகாரிகள் வாய்மொழி உத்தரவுகளின்பேரில் செயல்படக்கூடாது என்றும், அத்தகைய உத்தரவுகள் எழுத்தில் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது. அது குடிமைப் பணி அதிகாரிகள் தொடர்பான வழக்கு. ஒப்பந்தப் பணியாளருக்கு நேரடியாகப் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். ஆயினும், உத்தரவை எழுத்தில் கேட்டதையே ஒழுங்கீனம் என்று சொல்வது அத்தீர்ப்புக்குப் பிறகு எவருக்கும் எளிதாக இருக்காது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது மறுத்துப் பேசுவதல்ல, கோப்பில் எழுதுவது. இம்மாதப் பட்டியல் உள்ள கோப்பிலேயே, எந்தெந்த வரிசை எண்ணில் உள்ளவர்களின் வருகையை எந்தக் காரணத்தால் தங்களால் சரிபார்க்க இயலவில்லை என்பதையும், துப்புரவு ஆய்வாளரிடம் கள அறிக்கை பெற்ற பின்னரே சான்றளிக்க இயலும் என்பதையும் பணிவான சொற்களில் குறிப்பாக எழுதி, தேதியிட்டுச் சமர்ப்பியுங்கள். யாரையும் திருடர் என்று அந்தக் குறிப்பில் எழுத வேண்டாம். தாங்கள் கண்டதை மட்டும் எழுதினால் போதும். அத்துடன், ஒப்பந்ததாரர் அந்தந்த மாதத்துக்கு வருங்கால வைப்பு நிதி, தொழிலாளர் அரசுக் காப்பீடு ஆகியவற்றுக்குப் பணம் செலுத்திய பெயர்ப் பட்டியலை பில்லுடன் இணைக்குமாறு கோருங்கள். வருகைப் பட்டியலில் இருக்கும் பெயர் வைப்பு நிதிப் பட்டியலில் இல்லையென்றால், அந்த முரண்பாடு தங்களுடைய சந்தேகமாக நின்றுவிடாமல் ஆவணச் சான்றாகிவிடும்.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெயரே பொய்யாக இருப்பது ஒரு நிலை. ஒருவர் பெயரில் வேறொருவர் பதிலியாக வந்து உண்மையில் வேலை செய்வது மற்றொரு நிலை. இரண்டாவதைச் சிறு முறைகேடாக நினைத்து விட்டுவிடும் வழக்கம் அலுவலகங்களில் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. அந்தப் பதிலித் தொழிலாளிக்கு வைப்பு நிதி இல்லை, காப்பீடு இல்லை. பணியின்போது விபத்து நேர்ந்தால், தான் அங்கே வேலை செய்ததையே நிரூபிக்க வழியின்றி அவர் குடும்பம் இழப்பீட்டுக்கு அலையும். மனிதவளப் பணியில் இருப்பவர் தம் கையொப்பத்தால் காக்க வேண்டியது நகராட்சியின் பணத்தை மட்டுமல்ல, இத்தகைய மனிதரையும்தான். பதிலிகள் இருந்தால் அவர்களைப் பெயருடன் பட்டியலில் சேர்க்குமாறு அதே குறிப்பில் பரிந்துரையுங்கள்.

ஏற்கெனவே கையொப்பமிட்ட இரண்டு மாதங்களைப் பொறுத்தவரை, பழைய பதிவேட்டில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவோ முன்தேதியிட்டு எதையும் சேர்க்கவோ கூடாது. அது இன்னொரு குற்றமாகிவிடும். அப்பட்டியல்களை மறு ஆய்வு செய்து, கூடுதலாக வழங்கப்பட்ட தொகை இருப்பின் ஒப்பந்ததாரரின் அடுத்த பில்லில் பிடித்தம் செய்யலாம் என்று ஆணையருக்கு இன்றைய தேதியில் கடிதம் எழுதலாம். தணிக்கை கண்டுபிடிக்கும் முன் தாமாக முன்வந்து தெரிவித்தவரின் நிலை, தணிக்கையில் ஆட்சேபம் எழுந்த பிறகு விளக்கம் சொல்பவரின் நிலையைவிடப் பலமடங்கு மேலானது. ஆனால் அந்தக் கடிதம் பிற்காலத்தில் தங்களுக்கு எதிரான ஒப்புதலாகவும் வாசிக்கப்படக்கூடும் என்பதால், அதன் வாசகத்தை ஒரு குற்றவியல் வழக்கறிஞரிடம் நேரில் காட்டிய பிறகே கொடுங்கள். பதிலில் நான் சொல்பவற்றுள் இதைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டுகிறேன்.

ஆணையரிடமிருந்து நடவடிக்கை இல்லையென்றால், உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையிடமும், ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்திடமும் புகார் அளிக்கலாம். புகாருக்காக ஆவணங்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லவோ, தொழிலாளர்களின் ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களைக் கைப்பேசியில் படமெடுத்துப் பகிரவோ வேண்டாம். கோப்பு எண்ணையும் பக்க எண்ணையும் குறிப்பிட்டாலே போதும். அவற்றைக் கைப்பற்றும் அதிகாரம் விசாரணை அமைப்புக்கு உண்டு.

ஒப்பந்தப் புதுப்பிப்பைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் கட்டாயம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை தங்களுக்கு இல்லை. அதே வேளையில், ஒப்பந்த விவகாரம் என்பதற்காக சட்டத்தின்முன் சமத்துவத்தை உறுதிசெய்யும் அரசமைப்பின் 14ஆம் உறுப்புக்குப் புறம்பாக, தன்னிச்சையாக நடந்துகொள்ளும் உரிமை நகராட்சிக்கும் இல்லை. 1990இல் ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. 2011இல் கிரிட்கோ வழக்கில், ஒப்பந்தப் பணி முடிவுகளும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டவை என்று கூறியது. ஆயினும் அந்த இரண்டாவது வழக்கில் பணியாளர் இறுதியில் தோற்றார் என்பதையும் மறைக்க முடியாது. பழிவாங்கல் என்பதைக் காட்டும் ஆவணம் கையில் இருந்தால்தான் 226ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தில் தாங்கள் தாக்கல் செய்யும் நீதிப்பேராணை மனுவுக்கு வலு சேரும். தாங்கள் கோப்பில் எழுதிய குறிப்பு எந்தத் தேதியில் சமர்ப்பிக்கப்பட்டது, ஒப்பந்தத்தை நிறுத்தும் முடிவு எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்பதை நீதிமன்றம் அருகருகே வைத்துப் பார்க்கும். புதுப்பிக்காமல் விடுவதற்குப் பதிலாகத் தங்கள்மீது ஒழுங்கீனக் குற்றம் சாட்டி இடையிலேயே நீக்கினால், விளக்கம் கேட்காமலும் விசாரணை நடத்தாமலும் பிறப்பிக்கப்பட்ட ஆணை என்ற அடிப்படையிலும் அதை எதிர்க்கலாம். அந்த வழக்கில் தங்கள் நிலை இன்னும் வலுவானது.

தங்கள் பணி ஆணை, புதுப்பிப்பு ஆணைகள், பணிப் பொறுப்புகளை வரையறுக்கும் குறிப்பாணை ஆகியவற்றின் நகல்கள் தங்களிடம் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இப்போதே விண்ணப்பியுங்கள். பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். ஒப்பந்தம் முடியும் தேதிக்கு முன்பே அவை தங்கள் கையில் இருக்கும்படி கணக்கிட்டு விண்ணப்பத்தை அனுப்புங்கள்.