கை போகும் இடத்தைக் கவனியுங்கள்

கேள்வி: பல ஆண்டுகளாக உருவப்படம் வரைகிறேன். ஆர்டர்கள் வருகின்றன, ஓரளவு பெயரும் இருக்கிறது. சில மாதங்களாக முகங்களை வரைய உட்கார்ந்தால் கை ஓடவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பழைய மரத்தையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறேன். ஏன் மரம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இது எதில் போய் முடியும் என்றும் தெரியவில்லை. புது வேலை தொடங்குகிறதா, இல்லை, அலுப்பில் தப்பித்து ஓடுகிறேனா? உள்ளுணர்வை நம்பி ஆர்டர்களை விட்டுவிடலாமா? இதற்கு நடுவே ஒரு தோழி, தான் நடத்தும் கண்காட்சிக்குப் படம் கேட்கிறார். எதைக் கொடுப்பது? மூன்று மரப் படங்களின் நகலை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தைவிட அதோடு வந்த மூன்று படங்களைத்தான் அதிக நேரம் பார்த்தேன். கடிதத்தில் வரிக்கு வரி ‘தெரியவில்லை’ என்கிறீர்கள். படங்களில் அந்தத் தயக்கத்தைக் காணோம்.

மூன்றிலும் உச்சிக் கிளைகளை நாலு கோட்டில் முடித்துவிட்டீர்கள். இலைகள் பேருக்குத்தான் இருக்கின்றன. வேர்ப்பக்கம் காகிதம் வெறுமனே கிடக்கிறது. ஆனால் இடப்பக்கத்துப் பெரிய கிளை அடிமரத்தை விட்டுப் பிரிகிற இடம் இருக்கிறதே, அங்கே சார்க்கோலைத் தேய்த்துத் தேய்த்துக் காகிதத்தின் சொரசொரப்பே மறைந்துபோயிருக்கிறது. அப்புறம் அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ரப்பரால் வெளிச்சத்தைத் தோண்டி எடுத்திருக்கிறீர்கள். மூன்றாவது படத்தில், அதற்குக் கீழே, எப்போதோ ஒரு கிளை போன தடத்தைச் சுற்றி உதடு தடித்ததுபோல ஒரு வளையம். மீதி மரம் முழுவதற்கும் கொடுத்ததைவிட அதிக நேரத்தை அந்த வளையத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பார்க்கிற யாருக்கும் அது தெரியும்.

ஆகவே ‘ஏன் மரம்?’ என்ற கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அது பெரிய கேள்வி, இப்போதைக்குப் பதில் கிடைக்காது. ‘ஏன் இந்த இடம்?’ என்று கேட்டால் வேலை நகரும்.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது உங்களுக்கு உதவும். மரம் உயரமாவது கிளைகளின் நுனியில். அடிமரம் பருத்துக்கொண்டு மட்டும்தான் போகும். அதனால் ஒரு கிளை எந்த உயரத்தில் முளைத்ததோ அதே உயரத்தில்தான் கடைசிவரை இருக்கும். அடிமரம் பருக்கப் பருக்க, கிளையின் அடிப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் புதைந்துபோகிறது. நீங்கள் வரைந்த புடைப்பு, கிளையின் நார்களும் அடிமரத்தின் நார்களும் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றன்மேல் ஒன்று படிந்து உண்டானது. பலகையில் வட்டமாகத் தெரிகிற கணு வேறொன்றும் இல்லை, உள்ளே புதைந்துபோன கிளைதான்.

அந்த வளையத்துக்கும் ஒரு கதை உண்டு. நம் தோலில் வெட்டுக்காயம் ஆறுவதுபோல மரத்தில் காயம் ஆறுவதில்லை. கெட்டுப்போன பகுதி பரவாமல் சுற்றிலும் தடுப்பை எழுப்பி அடைத்துவிட்டு, அதன்மேல் புதிதாக வளர்ந்து மரம் மூடிக்கொள்ளும். காயம் அப்படியே உள்ளே இருக்கும். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்ற ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து பார்த்து இதை விளக்கினார். கிளையை எந்த இடத்தில் கழிக்க வேண்டும், அந்தப் புடைப்பை ஏன் தொடக் கூடாது என்று இன்று மரம் பராமரிப்பவர்களுக்குச் சொல்லித் தருவதில் அவருடைய வேலைக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது உங்களைப் பற்றி யோசியுங்கள். இத்தனை ஆண்டுகள் முகங்களில் எதைப் பார்த்துப் பழகினீர்கள்? காலம் ஒருவர் முகத்தில் என்னென்ன எழுதியிருக்கிறது, எதை மூடி மறைத்திருக்கிறது, மூடியதற்கு மேலே எப்படி ஒரு சிரிப்பு வளர்ந்திருக்கிறது என்பதை. அந்தக் கண்தான் ஒரு மரத்தில் இருக்கும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக அந்த வளையத்துக்குப் போயிருக்கிறது. முகங்களை விட்டுவிட்டோம் என்று பயப்படுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உருவப்படக்காரர் அல்லாத ஒருவர் இந்த மூன்று படங்களை வரைந்திருக்க முடியாது.

சரி, இது தப்பித்தலா? நியாயமான சந்தேகம்தான், அதை நீங்களே கேட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. தப்பித்து ஓடுகிறவருக்கு எங்கே போனாலும் சரி. இன்று மரம், நாளை கடல், அடுத்த வாரம் மண்பாண்டம். நீங்கள் ஒரே மரத்திடம், அதிலும் ஒரே மூலைக்குப் போகிறீர்கள். இன்னொன்றும் பார்த்தேன். இரண்டாவது படத்தில் அந்தக் கிளையின் சாய்வை அழித்து அழித்து மாற்றியிருக்கிறீர்கள். பழைய கோடுகள் ஆவிபோலப் பின்னால் நிற்கின்றன. வேலையிலிருந்து தப்பிக்கிறவர் இவ்வளவு திருத்த மாட்டார், பாதியில் அடுத்த தாளுக்குப் போய்விடுவார்.

ஆனால் உள்ளுணர்வின் தலையில் அதற்குச் சம்பந்தமில்லாத சுமையை ஏற்றாதீர்கள். ‘இங்கே பார்’ என்று சொல்வது அதன் வேலை. ‘இது நன்றாக வரும்’ என்றோ ‘இருக்கும் வேலையை விடு’ என்றோ அது சொல்வதில்லை. அவற்றைச் சொல்வது நம் ஆசையும் அலுப்பும். எங்கே பார்ப்பது என்பதில் உங்கள் உள்ளுணர்வை முழுதாக நம்புங்கள். வருமானத்தைப் பற்றி வழக்கம்போல உட்கார்ந்து கணக்குப் போட்டு முடிவெடுங்கள். வீட்டுச் செலவுக்கும் இந்த மரம்தான் வழி என்று ஆகிவிட்டால், ‘இதை யார் வாங்குவார்கள்?’ என்ற கேள்வி முதல் வாரமே வந்து நிற்கும். இந்தப் படங்கள் இப்போது அதைத் தாங்காது. ஆர்டர்களைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். நாளின் நல்ல நேரத்தை, கண் களைக்காத நேரத்தை, மரத்துக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் ஆர்டர் வேலையைச் செய்யுங்கள்.

எதில் போய் முடியும் என்று தெரியாமல் இறங்குவதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓவியர் எமிலி கார் நினைவுக்கு வருகிறார். 1871இல் கனடாவின் மேற்குக் கரையில் பிறந்தவர். பிரான்சில் படித்துவிட்டு வந்து காட்டிய படங்களுக்கு ஊரில் வரவேற்பில்லை. அதன்பின் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அவர் வரைந்தது மிகக் குறைவு. விடுதி நடத்தினார், நாய் வளர்த்து விற்றார், மண்பாண்டம் செய்தார். 1927இல் தலைநகர் ஒட்டாவாவில் நடந்த ஒரு கண்காட்சியில் அவருடைய பழைய படங்கள் இடம்பெற்றன. அதற்காகப் பயணம் போனபோது லாரன் ஹாரிஸ் என்ற ஓவியரின் நட்பு கிடைத்தது. அதுவரை பழங்குடி மக்களின் ஊர்களையும் அவர்கள் செதுக்கிய கம்பங்களையும் வரைந்துவந்தவர் அதற்குப் பிறகு காட்டுக்குள் திரும்பினார். வயது 55ஐத் தாண்டிவிட்டது.

அவர் செய்ததில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காடு அசைவதை, காற்றும் வெளிச்சமும் மரங்களுக்கு நடுவே ஓடுவதை அவருக்குப் படத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது. கேன்வாஸும் கெட்டியான எண்ணெய் வர்ணமும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1930களில் வர்ணத்தைப் பெட்ரோலில் நீர்க்கக் கரைத்து, மலிவான பழுப்புக் காகிதத்தில் வேகவேகமாக இழுக்கத் தொடங்கினார். வானம் முழுக்க பிரஷ் ஓடிய தடம் அலையலையாகத் தெரிகிற படங்கள் அப்படி வந்தவை. அந்த முறையை அவர் முதலிலேயே திட்டம் போட்டு வைத்திருக்கவில்லை. பார்த்ததைப் பிடிக்கக் கையிலிருந்த பொருள் போதவில்லை, அதனால் பொருளை மாற்றினார்.

உங்களிடமும் அப்படி ஒன்று தொடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். மூன்றாவது படத்தில் நீங்கள் ரப்பரைப் பிடித்திருக்கும் விதம் வரைகிறவர் பிடிக்கும் விதமாகத் தெரியவில்லை, செதுக்குகிறவர் விதமாக இருக்கிறது. ஒரு பலகையும் உளியும் வாங்கி மரச்செதுக்கு அச்சு, அதாவது பலகையில் செதுக்கி மை தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுக்கிற படம், போட்டுப் பாருங்களேன். நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க் 1890களில் செய்த மரச்செதுக்குகளில் பலகையின் ரேகைகளை மறைக்காமல் படத்துக்குள்ளேயே விட்டுவிட்டார். பலகையில் இருந்த மரமும் அச்சில் சேர்ந்து பேசியது. அப்புறம் இத்தாலியச் சிற்பி ஜுசெப்பே பெனோனேயின் வேலைகளைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். கட்டடங்களுக்காக அறுத்த உத்தரத்தை எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு வளர்ச்சி வளையத்தைப் பின்தொடர்ந்து உள்நோக்கிச் செதுக்கிக்கொண்டே போவார். கணு வரும் இடங்களை வெட்டாமல் விடுவார், அவை கிளைகளாக வெளியே வரும். கடைசியில் உத்தரத்துக்குள்ளிருந்து அந்த மரம் இளங்கன்றாக இருந்தபோது எப்படி இருந்ததோ அந்த உருவம் எழுந்து நிற்கும். 1969இல் தொடங்கிய வேலை அது. அவரைப் போலச் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. நீங்கள் காகிதத்தின் மேல் தேய்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கணுவை ஒருவர் எவ்வளவு தூரம் பின்தொடர்ந்து போயிருக்கிறார் என்று பாருங்கள்.

இப்போது கையில் எடுக்க வேண்டிய வேலை. முழு மரத்தைக் கொஞ்ச நாள் வரையாதீர்கள். கிளை பிரிகிற இடத்தையும் அந்த வளையத்தையும் மட்டும், நீங்கள் வழக்கமாக முகம் வரைகிற அதே அளவில், தாள் நிறைய வரையுங்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது போங்கள். புடைப்பும் பள்ளமும் அப்போதுதான் துலங்கும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். தொட்டுப் பாருங்கள். மெல்லிய தாளைப் பட்டைமேல் வைத்துச் சார்க்கோலால் உரசி எடுங்கள், உங்கள் கண் தவறவிட்டதை அது காட்டிக்கொடுக்கும். மரத்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அதன் பட்டை உரியும் வகையா, எப்போது இலை உதிர்க்கும் என்றெல்லாம். ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதியும் ஒரு வரியும் எழுதுங்கள். ‘மனசு லேசானது’ என்று எழுத வேண்டாம். ‘வளையத்தின் மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிடத் தடிப்பு’ என்று எழுதுங்கள். அலுப்பு வந்தாலும் போங்கள். கொஞ்ச நாளில் பட்டையின் சொரசொரப்பைக் கண்ணை மூடிக்கொண்டு வரையக் கை கற்றுக்கொண்டுவிடும். அந்தத் திறமை வந்த அன்றே காகிதத்தை மாற்றுங்கள், அளவை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பலகைக்குப் போங்கள். பழகிய கை பார்ப்பதை நிறுத்திவிடும் என்பது உருவப்படம் வரைந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பயம் போகுமா என்று நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் கடிதம் முழுக்க அது இருக்கிறது. முழுதாகப் போகாது. மரத்தின் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிற நேரத்தில் அதைப் பற்றிய நினைப்பு இருக்காது, அவ்வளவுதான். அந்த நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

கண்காட்சிக்கு உருவப்படங்களையே கொடுங்கள். புதிதாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் ‘மரம் வரைகிறேன்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள், விளக்கம் வேண்டாம். திட்டுக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. பாராட்டுதான் இந்தக் கட்டத்தில் ஆபத்து. யாராவது ‘பட்டை எவ்வளவு தத்ரூபம்’ என்று சொல்லிவிட்டால், உங்களை அறியாமலே கை அடுத்த படத்தில் பட்டைக்குப் போய்விடும், வளையம் பின்னுக்குத் தள்ளப்படும். நிறையத் தாள்கள் சேர்ந்தபின் எல்லாவற்றையும் சுவரில் ஒட்டுங்கள். எது இந்த வரிசையில் சேராது என்று யார் உதவியும் இல்லாமல் உங்களால் எடுத்துப்போட முடிகிற நாளில் அந்தத் தோழியைக் கூப்பிட்டுக் காட்டலாம். அதுவரை அவர் காத்திருப்பார் என்றே நினைக்கிறேன், உங்கள் படங்களை விரும்பிக் கேட்டவர்தானே.