பதில்: அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன், வி.ஆர். கண்ணாடி மாட்டலாமா?

அடுத்த வாரம் கோவையில அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன், பயத்துல தூங்கறதில்ல, வி.ஆர். கண்ணாடி (மாட்டினா வேற இடத்துல இருக்கற மாதிரியே சுத்தியும் படம் காட்டற கருவி) உதவுமான்னு கேட்டிருந்தீங்க. போன வருஷம் எங்க அப்பாருக்கும் இதே மூட்டுதானுங்க.

பயம் குறையும், முழுசாப் போகாது. கண்ணும் காதும் வேற இடத்துல இருந்தா மனசு ஊசியைக் கவனிக்காது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல 1990கள்லயே தீக்காயக்காரங்களுக்குக் சிகிச்சை பண்றப்ப இப்படி வி.ஆர். காட்டி வலியைக் குறைச்சிருக்காங்க.

நாங்க பண்ணுன கூத்து, ஆபரேஷன் அன்னிக்கு வெறும் வயித்துல முதல் தடவையா மாட்டினது. அதுலயும் ரோலர் கோஸ்டர் வீடியோ! அப்பாரு கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு, "கழட்டு கண்ணு, கெறக்கமா இருக்குது"ன்னுட்டார். நீங்க இப்பவே வீட்டுல உக்காரவெச்சு 5 நிமிஷம் பழக்குங்க. தென்னந்தோப்பு, ஆத்தோரம் மாதிரி கேமரா நகராத காட்சி போதும். வலிப்பு இருந்தா வேண்டாமுங்க.

மயக்க டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுருங்க. மூட்டுக்கு நெறையப் பேருக்கு முழு மயக்கம் இல்லீங்க, கீழ்ப்பாதி மரத்துப்போக முதுகுலதான் ஊசி. முழிச்சிருந்தா சுத்தியல் சத்தம் கேக்கும். அங்க ஹெட்போனே பாதி வேலை செய்யும்.

அம்மாவுக்கு எதுல பயம்னு கேட்டீங்களா? அப்பாருக்குக் கத்தி இல்லீங்க, மறுபடி மாட்டுக் கட்டுத்தரைக்கு நடக்க முடியாதோன்னுதான். டாக்டர் பக்கத்துல உக்காந்து பேசுனப்புறம்தான் தூங்கினார்.