பயாப்சிக்கு முன் மாத்திரை டப்பாவைக் காட்டுங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 52. சிறுநீரில் புரதமும் ரத்த அணுக்களும் போவதால், சிறுநீரகத்தில் பயாப்சி (ஊசியால் சிறு திசு எடுத்துச் சோதிப்பது) எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள். ரத்தம் நிற்காது, சிறுநீரகமே போய்விடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். அதற்கு அடுத்த வாரம் தைப்பூசம். பால்குடம் எடுப்பதாக வேண்டுதல் வேறு. என்ன செய்வது? – சிங்கப்பூர், ஈசூன் வாசகி

பதில்: சொந்தக்காரர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. அங்கே ஊசி இறங்கினால் கொஞ்சமாவது கசியும். ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி சிறுநீர் சிவப்பது 100 பேரில் சுமார் நான்கு பேருக்குத்தான். ரத்தம் ஏற்ற வேண்டி வருவது ஓரிருவருக்கு. சிறுநீரகத்தையே அகற்றுவது மிக மிக அரிது.

நான் அதிகம் பயப்படுவது ஊசிக்கு அல்ல, நோயாளி சொல்லாமல் விடும் மாத்திரைகளுக்கு. "வேறு மருந்து எதுவும் இல்லை டாக்டர்" என்பார்கள். துருவிக் கேட்டால் மீன் எண்ணெய், ஜின்செங், சீன மருந்துக்கடைப் பொட்டலம், மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த மாத்திரை என ஒவ்வொன்றாக வெளியே வரும். இவற்றில் சில ரத்தம் உறைவதைக் கெடுப்பவை. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோப்பிடோகிரெல், வார்ஃபரின் போன்றவற்றைச் சில நாள்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்தவருக்கு அது மாரடைப்பில் போய் முடியலாம். ரத்த அழுத்தம் 140/90க்கு மேல் இருந்தால் கசிவு கூடும் என்பதால், அன்றைய பயாப்சியையே தள்ளிவைப்பதும் உண்டு.

குப்புறப் படுக்க வைத்து, தோலை மரத்துப்போகச் செய்து, ஸ்கேனில் பார்த்தபடியே சிறுநீரகத்தின் கீழ்முனையில் ஊசியைச் செலுத்துவார்கள். மூச்சை அடக்கச் சொல்லும்போது "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். வலியைவிட அந்தச் சத்தத்துக்குத்தான் பலர் துள்ளுகிறார்கள். அசையக் கூடாத நொடியும் அதுதான். அதனால் நான் முன்கூட்டியே ஊசிக் கருவியை ஒருமுறை அழுத்தி அந்தச் சத்தத்தைக் காட்டிவிடுவேன். வெளியே வரும் திசு பென்சில் முனையைவிட மெலிதாக, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும்.

பிறகு சுமார் ஆறு மணி நேரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். சிக்கல் வருவதானால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும். சிறுநீரின் நிறத்தைக் கவனியுங்கள். முதலில் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) போல இருந்து வரவர வெளுத்தால் கவலையில்லை. வீடு திரும்பிய பின் பளிச்சென்ற சிவப்பு, ரத்தக்கட்டி, சிறுநீர் அடைப்பு, விலாவில் கூடிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல் வந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தலைசுற்றி மயங்கினால் டாக்சிக்குக் காத்திராமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

தைப்பூசத்துக்காக பயாப்சியைத் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரையே கேளுங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) வேகமாக ஏறிக்கொண்டிருந்தால் ஒரு வாரத் தாமதமும் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். பயாப்சி முடிந்துவிட்டால் இரண்டு வாரம் பாரம் தூக்கக் கூடாது. பெருமாள் கோயிலிலிருந்து பால்குடத்தை வீட்டில் வேறொருவர் எடுத்து வரட்டும். உங்கள் கணவர் டேங்க் ரோட்டுக்குக் காரில் போய் முருகன் சந்நிதியில் காத்திருக்கலாம்.